ஷார்ஜா அல் நஹ்தாவில் வாடகை வீடு: குடும்பத்தை அழைக்கும் முன்

துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு. அமீரகத்தில் வாழும் நம் சமுதாயக் குடும்பங்களில் பலவற்றின் நிலை இதுதான். ஊரில் இருக்கும் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விசா கிடைத்துவிடுகிறது. மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் போதும். அடுத்துவரும் கேள்வி, வீடு எங்கே? துபாய் வாடகையைக் கேட்டதும் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். அவர்களில் பலர் வந்து சேரும் இடம் அல் நஹ்தா.

இந்தப் பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. துபாயிலும் ஒரு அல் நஹ்தா, ஷார்ஜாவிலும் ஒரு அல் நஹ்தா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். விளம்பரத்தில் 'அல் நஹ்தா' என்று மட்டும் இருந்தால் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். சஹாரா சென்டர், அன்சார் மால் இருக்கும் பக்கம் ஷார்ஜா. அதே அளவு வீட்டுக்கு இங்கே வாடகை குறைவு. துபாயில் ஆண்டு வாடகையில் 5% வீட்டுவரியாக மின்கட்டண பில்லில் சேர்ந்து வரும். இங்கே அது இல்லை. இங்கே உள்ளது ஒப்பந்தத்தை முனிசிபாலிட்டியில் பதிவுசெய்யும் கட்டணம். அதை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். முதல் வருடம் கையில் எடுத்துவைக்கும் தொகையில் இதையும், கரண்ட், தண்ணீர் இணைப்புக்கான டெபாசிட்டையும், புரோக்கர் கமிஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கணக்கில் விட்டுவிட்டு, சாமான் இறக்கிய மறுநாள் கடன் கேட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

'சில்லர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் ஏசி குளிர்விக்கும் செலவு கட்டட உரிமையாளருடையது என்று பொருள். கோடையில் இது பெரிய வித்தியாசம். வாய்ப்பேச்சாக நம்பாமல் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டைப் பகலில் பார்க்காதீர்கள். வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் காலியாகக் கிடந்த தெருவில் அப்போது ஒரு காருக்குக்கூட இடமிருக்காது. கட்டடத்துக்குள் பார்க்கிங் வாடகையோடு சேர்ந்ததா, தனிக் கட்டணமா, இல்லவே இல்லையா என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை பொது பார்க்கிங் இலவசம் என்று நினைத்து நிறுத்திவிட்டு அபராதம் கட்டுபவர்கள் உண்டு. நீல நிறப் பலகை வைத்த இடங்களில் வாரம் ஏழு நாளும் கட்டணம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். குறைந்த வாடகைக்கு நாம் வேறொரு இடத்தில் விலை கொடுக்கிறோம். அது சாலை. ஷார்ஜாவில் மெட்ரோ கிடையாது. துபாய் மெட்ரோவின் பச்சைப் பாதையில் ஸ்டேடியம் நிலையம் வரைபடத்தில் அருகில் தெரியும். ஆனால் ஜூலை மாத வெயிலில் அது நடந்து போகும் தூரம் அல்ல. அல் ஜுபைல் பேருந்து நிலையத்திலிருந்து துபாய் யூனியனுக்கும் அல் குபைபாவுக்கும் பேருந்துகள் இருக்கின்றன. ஆனால் அல் நஹ்தாவில் இருப்பவர் முதலில் எதிர்த்திசையில் அல் ஜுபைல் வரை போக வேண்டும். துபாய் டாக்ஸியில் ஷார்ஜாவுக்கு வந்தால் மீட்டரோடு 20 திர்ஹம் கூடுதல். அவசரத்துக்கு ஒருநாள் சரி, தினமும் கட்டுபடியாகாது.

ஆகவே கார். காரென்றால் இத்திஹாத் சாலை, அங்கே அல் மம்சர் சாலிக் கேட். 2025 ஜனவரி 31 முதல் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் ஒரு முறை கடக்க 6 திர்ஹம். மற்ற நேரத்தில் 4, நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். போக வர 12 திர்ஹம் என்றால் 22 வேலை நாளுக்கு 264 திர்ஹம். பெட்ரோல் தனி. அல் குசைஸ் உள்தெருக்கள் வழியாகவோ ஷேக் முஹம்மது பின் ஸாயித் சாலை வழியாகவோ சுற்றிப் போனால் அந்தக் கேட்டைத் தவிர்க்கலாம். ஆனால் எல்லோருக்கும் அதே யோசனைதான் வருகிறது.

பணத்தை விடப் பெரியது நேரம். காலை ஆறு மணிக்கு முன் கிளம்பினால் அரை மணியில் முடியும் பயணம், ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதனால் பல தகப்பன்மார்கள் ஃபஜ்ர் தொழுத கையோடு புறப்பட்டு, ஆபீஸ் வாசலில் காருக்குள்ளேயே ஒரு மணி நேரம் தூங்குகிறார்கள். இரவு வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டிருக்கும். குடும்பத்தோடு இருக்கத்தானே அழைத்து வந்தோம் என்ற கேள்வி அந்த வீடுகளில் அடிக்கடி எழுகிறது.

இன்னொரு சிக்கல் விடுமுறை. 2022 முதல் ஷார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. துபாய் கம்பெனிகள் பலவற்றில் வெள்ளியும் வேலை நாள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மூன்று நாளில் வாப்பா இருப்பது இரண்டு, சில வேலைகளில் ஒன்று.

பகலில் வீட்டில் இருக்கும் பெண்களின் நிலையை நாம் பேசுவதே இல்லை. கார் கணவரோடு போய்விடுகிறது. கீழே மளிகைக் கடை, கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல், அல் நஹ்தா பூங்கா எல்லாம் உண்டு. அந்த அளவில் இந்தப் பகுதி நல்ல பகுதிதான். பாதி இரவில்கூடத் தெருவில் குடும்பங்கள் நடமாடும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டர் இருப்பது வேறு பகுதியில் என்றால் டாக்ஸிக்காகக் காத்திருக்க வேண்டும். ஊரில் ஆட்டோ கூப்பிட்டுத் தனியாகப் போய் வந்தவர்களுக்கு முதல் கோடை மிகவும் பாரமாக இருக்கும். ஓட்டுநர் உரிமம் எடுக்க ஆசைப்படும் பெண்களை ஊக்கப்படுத்துங்கள். இந்திய உரிமத்தை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். வகுப்பும் தேர்வும் உண்டு, செலவும் அதிகம். ஆனாலும் அந்தப் பணம் வீண் போகாது.

செலவைக் குறைக்க 'கார் லிஃப்ட்' என்று மாதக் கட்டணத்தில் ஆள் ஏற்றும் தனியார் வண்டிகளில் பலர் போகிறார்கள். உரிமம் இல்லாத வண்டி சட்டவிரோதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும். அதேபோல ஒரு அறையை பார்ட்டிஷன் போட்டு உள்வாடகைக்கு விடுவதும். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட்டால், வெளியேற்ற அதுவே போதுமான காரணமாகிவிடும். குடும்பங்கள் வாழும் பகுதியில் பேச்சிலர்களைத் தங்க வைத்தால் முனிசிபாலிட்டி சோதனை வரும்.

வாடகைதாரர் பக்கம் இருக்கும் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷார்ஜாவின் 2024ஆம் ஆண்டு 5ஆம் எண் வாடகைச் சட்டப்படி, நீங்களே சம்மதித்தால் ஒழிய, ஒப்பந்தம் தொடங்கி மூன்று ஆண்டு வரை வாடகையை ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது. அதற்கு 15 நாள் அவகாசம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் இரண்டாம் வருடமே ஏஜென்ட் கூடுதல் வாடகை கேட்டார். "எல்லோரும் தருகிறார்கள்" என்றார். அவர்கள் சட்ட எண்ணைச் சொல்லி, எழுத்தில் கேட்டார்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை, பழைய வாடகையே நின்றது. பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருந்ததால்தான் அவர்களால் அப்படிப் பேச முடிந்தது. குடும்ப விசா புதுப்பிக்கவும் அதே காகிதம்தான் வேண்டும்.

வாடகையை நான்கு, ஆறு, பன்னிரண்டு என்று முன்தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பார்கள். காசோலைகளின் எண்ணிக்கை கூடினால் வாடகையும் சற்றுக் கூடும். பணமின்றிக் காசோலை திரும்பினால் முன்போல உடனே கிரிமினல் வழக்கு என்ற நிலை 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தக் காசோலையை வைத்தே நேராக நீதிமன்ற வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். பயணத்தடைகூட வரலாம்.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மே மாதம் அல் நஹ்தாவில் ஒரு உயரமான கட்டடத்தின் வெளிப்பூச்சுத் தகடுகள் வழியே தீ மேலேறியது. 2024 ஏப்ரலில் இதே பகுதியில் இன்னொரு அடுக்குமாடித் தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். வீடு பார்க்கும்போது சமையலறையை மட்டும் பார்க்காமல் அவசரப் படிக்கட்டின் கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். அதே 2024 ஏப்ரல் 16 மழையில் அல் மஜாஸ், அல் காசிமியா தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த வாரம் உங்கள் தெரு எப்படி இருந்தது, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் இறங்கியதா என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். ஏஜென்ட் சொல்லாததை அவர் சொல்வார்.

காலி செய்யும் எண்ணம் வந்தால் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து எழுத்தில் கொடுங்கள். குடியேறும் அன்றே சுவர், குழாய், ஏசி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் டெபாசிட்டைத் திரும்ப வாங்கும்போது பேச வசதி.