ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஜெயித்த கதை

எந்த கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் "அந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடு" என்ற குரல் கேட்கும். அதன் அசல் பெயர் ஃபிலிப்ஸ். அது உலகம் முழுக்கப் பரவியதில் பொறியியலைவிட வியாபாரமே அதிகம். அதனால்தான் பி.காம் படிக்கும் எனக்கு இந்தக் கதை பிடித்துப் போனது.

முதலில் திருகாணித் தலையில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. திருப்புளி அதில் அடிக்கடி வழுக்கும். கனடாவில் கருவிகள் விற்றுவந்த பி.எல். ராபர்ட்சன், வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து காட்டும்போது இப்படி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட பதில்தான் 1908-ல் வந்த சதுரக்குழித் திருகாணி. அது திருப்புளி முனையிலேயே கவ்வி நிற்கும், லேசில் வழுக்காது.

கனடாவில் ஃபோர்டு மாடல் டி கார்களின் கட்டுமானத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். வேலை வேகமாக முடிந்தது. ஃபோர்டு சும்மா இருப்பாரா? அதன் தயாரிப்பில் தனக்கும் பிடி வேண்டும் என்றார். ஏற்கனவே இங்கிலாந்தில் உரிமம் கொடுத்து ஏமாந்திருந்த ராபர்ட்சன் மறுத்துவிட்டார். ஃபோர்டும் விலகிவிட்டார்.

அடுத்து வந்தவர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்து ஹென்றி ஃபிலிப்ஸ். ஜான் தாம்ப்சன் என்பவரின் யோசனையை வாங்கி மெருகேற்றினார். சொந்தமாகத் தொழிற்சாலை கட்டவில்லை. திருகாணி செய்யும் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார், அவ்வளவுதான்! 1936-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் கார்களில் இதைப் பயன்படுத்தியது. கூட்டல் குறி போன்ற குழியில் திருப்புளி முனை தானாகவே நடுவில் போய் உட்காரும் என்பதால் பவர் டூல் ஓடும் அசெம்பிளி லைனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

பிடிமானத்தில் ராபர்ட்சன்தான் மேல். ஆனாலும் சந்தையைப் பிடித்தது ஃபிலிப்ஸ். நல்ல சரக்கு மட்டும் போதாது நண்பர்களே, அதை நாலு பேர் செய்ய விடவும் வேண்டும்!

இந்த வியாபார முடிவின் பலனை இன்றும் அனுபவிப்பது காருக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்தான். துருப்பிடித்த ஸ்டார் திருகாணியை முடுக்கினால் முனை குழியிலிருந்து மேலேறி வழுக்கும், தலை மழுங்கிவிடும். பிறகு ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குழிக்குச் சரியான அளவு முனையை எடுங்கள். காரில் பெரும்பாலும் 2-ம் நம்பர்தான். திருப்புவதைவிட அழுத்துவதில் பலத்தைக் காட்டுங்கள். பவர் டூலை எடுக்கும் முன் கையால் ஒருமுறை இளக்கிப் பாருங்கள். பழைய ஜப்பானிய வண்டிகளில் வரும் ஜே.ஐ.எஸ். திருகாணி பார்க்க ஸ்டார் போலவே இருக்கும், ஆனால் குழியின் வடிவம் வேறு. அதற்கென்று உள்ள முனையே நல்லது.

வழுக்கும் இந்த வியாதிக்கு மருந்தாக 1967-ல் ஆறு இதழ் கொண்ட டார்க்ஸ் வந்தது. இன்றைய கார்களில் அதை நிறையவே பார்க்கலாம். 1951-ல் மறைந்த ராபர்ட்சனின் சதுரத் திருகாணியோ கனடாவில் இன்றும் சக்கைப்போடு போடுகிறது.