வில்லும் வேடிக்கையும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று ஒரு பொழுதுபோக்கு பரவி நிற்கிறது. இளைஞரும் நடுவயதினரும் மாயக்கதைகளில் வரும் வனவாசி வில்லாளர் போல உடுத்திக்கொண்டு, விடுமுறை நாள்களில் காடுகளிலும் திடல்களிலும் கூடுகின்றனர். ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு பெயர், கையில் வில். அம்பின் முனையில் இரும்பு இராது. தடித்த நுரைப்பஞ்சு பொதியப்பட்டிருக்கும். அது மேலே பட்டவர் ‘மாண்டவர்’ ஆகி ஒதுங்கி அமர்ந்துவிடுவார். 2001 முதல் 2003 வரை வெளியான ‘லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ திரைப்படங்களில் லெகோலாஸ் என்னும் பாத்திரம் எய்த அம்புகளே இவர்களில் பலருக்கு ஆசை மூட்டியவை.

இக்கூட்டத்தாருள் உலகறிந்தவர் டென்மார்க் நாட்டு ஓவியர் லார்ஸ் ஆண்டர்சன். இத்தகைய வேடப் போர் விளையாட்டுக்காகவே அவர் வில்லைக் கையில் எடுத்தார். 2015 ஜனவரியில் அவர் வெளியிட்ட ஒளிக்காட்சியைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். அதில் அவர் அம்புகளைத் தூணியிலிருந்து ஒவ்வொன்றாக உருவுவதில்லை. கையிலேயே கற்றையாகப் பிடித்திருக்கிறார். ஓடுகிறார், தாவுகிறார், கண் இமைப்பதற்குள் அம்புகள் அடுத்தடுத்துப் பறக்கின்றன. இது தம் கண்டுபிடிப்பன்று, பழைய நூல்களில் கற்றது என்றார் அவர். போட்டி வில்லாளர் பலர் சீறி எழுந்தனர். வில் மெலிது, இலக்கு அருகில், வரலாறு மிகைப்படுத்தப்பட்டது என்றெல்லாம் எழுதினர். அந்த வழக்கைத் தீர்க்க நாம் புகவில்லை. அவர் கண்ட பழைய நூல்களில் அரபி நூல்களும் உண்டு என்ற செய்தியே நம்மை இங்கே நிறுத்துகிறது.

அவற்றுள் தலையாயது ‘குன்யத்துத் துல்லாப்’. மம்லூக் சுல்தான்களின் எகிப்தில், ஏறத்தாழ 1368 இல், தைபுகா அல் பக்லமிஷீ என்பார் மாணவர்க்காக இயற்றியது. லாதம், பாட்டர்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1970 இல் அதனை விளக்கவுரையுடன் மொழிபெயர்த்தனர். அதற்கு முன்பே, 1945 இல், பிரின்ஸ்டனில் இருந்த வேறோர் அரபிச் சுவடியை நபீஹ் அமீன் பாரிஸும் எல்மரும் ஆங்கிலமாக்கினர். அம்புகளைக் கையில் பிடித்து விரைந்து எய்தல், குதிரை மீதிருந்து திரும்பி எய்தல், வில்லோடு பள்ளக்குச்சியைப் பொருத்திச் சிற்றம்புகளைச் செலுத்துதல் ஆகியவற்றை இக்கலை நூல்கள் பாடமாகவே சொல்கின்றன. மேலைநாட்டார் மாயம் என்று வியப்பது காஹிராவில் வாத்தியார் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி.

காட்சி என்பதும் அங்கே இல்லாமல் இல்லை. சுல்தான் பைபர்ஸ் 1267 இல் காஹிராவுக்கு வெளியே இதற்கென்றே ஒரு மைதானம் அமைத்தார். நடுவில் நெடிய கம்பம். அதன் உச்சியில் ‘கபக்’. துருக்கியில் அச்சொல்லுக்குச் சுரைக்காய் என்று பொருள். பிற்காலத்தில் சுரைக்காய் போய்ப் பொன்னிலும் வெள்ளியிலும் கூடு செய்து, உள்ளே ஒரு புறாவை வைத்தனர். குதிரையைப் பாய்ச்சலில் விட்டுக் கம்பத்தைக் கடக்கும்போது உடலை வளைத்து மேல்நோக்கி எய்ய வேண்டும். கூடு உடைந்து புறா பறந்துவிட்டால் வென்றவருக்குப் பொற்கூடும் கண்ணிய அங்கியும் பரிசு. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால், உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்குவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்ததை, பறவையைக் கட்டிவைத்து எய்த குறைஷிச் சிறுவரிடம் இப்னு உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அம்பு சற்றே தாழ்ந்திருந்தால் அந்தப் புறாவின் கதி என்ன? அரசவை ஆலிம்கள் இதைக் கேட்டார்களோ என்னவோ, நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மதரஸாவில் ஓதியவர்க்கு இந்நூல்களில் ஓர் இனிய வியப்பு காத்திருக்கிறது. நாணைக் கட்டைவிரலால் இழுப்பதே கீழ்த்திசை முறை. அந்தப் பிடிக்கு வில்நூலார் இட்ட பெயர் ‘அறுபத்து மூன்று’! அக்காலத்தார் விரல்களை மடக்கியே எண்களைக் காட்டினர். அத்தஹிய்யாத்து இருப்பில் வலக்கையை ஐம்பத்து மூன்று எண்ணுபவர் போல வைத்தல் என்று பிக்ஹில் நாம் ஓதுகிறோமே, அதே கணக்குத்தான் இது. சிறுவிரல் தொடங்கி மூன்று விரல்கள் மடங்கினால் மூன்று. கட்டைவிரல் வளைந்து, சுட்டுவிரல் நீண்டு நின்றால் ஐம்பது. அச்சுட்டுவிரலே கட்டைவிரலைத் தழுவிப் பூட்டினால் அறுபது. தொழுகைக் கைக்கும் வில்லாளி கைக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு விரல். படம் வரையாமல், ஓர் எண்ணைச் சொல்லியே பிடியைக் கற்பித்துவிட்டனர்.

பிக்ஹ் என்றதும் இன்னொன்று. ‘மின்ஹாஜ்’ ஓதுவோர் ‘முஸாபகா, முனாளலா’ அத்தியாயத்தை விரைவாகவே கடந்துவிடுவர். குதிரைப் பந்தயமும் அம்புப் போட்டியும் இன்று யாருக்கு வேண்டும் என்ற எண்ணம். ஆனால் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அங்கே அம்பு படும் வகைகளைப் பிரித்திருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். இலக்கான தோலைக் கீறாமல் தொடுவது ஒன்று. துளைத்துவிட்டு நில்லாமல் விழுவது ஒன்று. துளைத்து நிலைகொள்வது ஒன்று. ஊடுருவி மறுபுறம் போவது ஒன்று. நடு இரண்டுக்கும் அரபிப் பெயரில் ஓரெழுத்தே வேறுபாடு. ஒன்றில் ஸே, மற்றதில் ஸீன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். போட்டியிடுவோர் எதை வெற்றியாகக் கொள்வது என்பதில் பிணக்கு வரலாகாது என்பதற்கே இத்தனை பிரிப்பு. இத்துறையில் முதலில் எழுதியவர் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களே என்பர். அவர்கள் தாமும் தேர்ந்த வில்லாளர். பத்துக்குப் பத்தும் இலக்கில் படச் செய்பவர் என்று அவர்களின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

எனவே விளையாட்டு என்பதற்காக நம் முன்னோர் வில்லை இகழவில்லை. விளையாட்டுக்கும் ஒழுங்கு வகுத்தனர். தைபுகாவின் மாணவன் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து எய்யத் தொடங்குவதில்லை. மெல்லிய வில்லோடு தொடங்குகிறான். அம்பின்றி நாணை இழுத்துப் பழகுகிறான். பிறகு முகத்துக்கு எதிரே, மிக அருகில் வைத்த திண்டில் எய்து எய்துப் பிடி, இழுப்பு, விடுப்பு மூன்றும் சீரான பின்னரே தூரமும் குதிரையும் வித்தைகளும் வருகின்றன.

துப்பாக்கி வந்தது. 1516 இல் மர்ஜ் தாபிக்கிலும் அடுத்த ஆண்டு காஹிராவின் வாயிலிலும் உஸ்மானியரின் பீரங்கிக்கு முன் மம்லூக் வில்லாளர் வீழ்ந்தனர். பீரங்கியால் வென்ற உஸ்மானியரே வில்லை விளையாட்டாக்கி மேலும் முந்நூறு ஆண்டுகள் காத்தனர் என்பது வரலாற்றின் விந்தை. இஸ்தான்பூலில் இரண்டாம் முஹம்மது ஒதுக்கிய ‘ஒக்மைதான்’ திடலில் வில்லாளர்க்கெனத் தக்கியா ஒன்றிருந்தது. உளூவின்றி அங்கே நுழையலாகாது என்பது மரபு. எருமைக் கொம்பும் மரமும் தசைநாரும் பசையால் பிணைத்து ஆண்டுக்கணக்கில் பதப்படுத்திய விற்களால், 800 மீட்டருக்கும் அப்பால் அம்பு சென்று விழுந்தது. விழுந்த இடங்களில் பளிங்குக் கற்கள் நட்டனர். 900 ‘கெஸ்’, அதாவது 590 மீட்டருக்கு மேல், எய்தவருக்கே ஏட்டில் பெயர். 1790களில் இலண்டனிலிருந்த உஸ்மானியத் தூதரகச் செயலர் மஹ்மூது எபெந்தி 400 கஜத்துக்கு அப்பால் எய்து காட்டியபோது ஆங்கில வில்லாளர் வாயடைத்து நின்றனர்.

இரண்டாம் மஹ்மூது சுல்தான் 1839 இல் மறைந்தபின் இக்கலை வேகமாக மங்கியது. ஒக்மைதானில் குடியிருப்புகள் எழுந்தன. கற்கள் பல மறைந்தன. அச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவர் நஜ்முத்தீன் ஒக்யாய் (1883–1976). உஸ்குதாரின் புதிய வாலிதா பள்ளிவாசல் இமாம், ஹாபிழ், எழுத்தணிக் கலைஞர், மைவண்ணத் தாள் செய்பவர், ரோஜா வளர்ப்பவர். இத்தனையோடு ஆசானிடம் முறைப்படி வில்லின் கைப்பிடியைப் பெற்றவர். 1934 இல் துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது ‘அம்பு, வில்’ என்று பொருள்படும் பெயரையே அவர் சூடிக்கொண்டார். பள்ளியின் இமாம் வில்லாளராக இருந்ததை அவ்வூரார் புதுமையாகக் கருதியிருக்க மாட்டார்கள். நம்மூர்களில் இன்று அப்படியொருவர் இருந்தால் என்ன பேசுவார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறோம்.

வேடம் பூண்டு அம்பெய்யும் ஐரோப்பிய இளைஞரை நகைப்போர் நம்மில் உளர். நமக்கு அந்நகைப்பு வரவில்லை. நம் நூலகங்களில் உறங்கிய ஏட்டை அவர்கள் விளையாட்டுக்காகவேனும் விரித்தார்கள். அவர்களிடம் காணும் குறை வேறு: ஏட்டின் வித்தைகளை எடுத்துக்கொண்டு, முதல் பாடங்களை விட்டுவிடுவோர் பலர். ஒக்மைதான் தக்கியா 2013 இல் மீண்டும் திறக்கப்பட்டது. துருக்கியின் மரபு வில்லாண்மையை 2019 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மரபுவழிப் பயிற்சியில் புதிதாக வருபவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது ‘கெபாஸா’ என்னும் இளகிய வில். அதை நாள்தோறும் இழுத்து இழுத்து விட வேண்டும். அம்பு பிறகுதான்.