கூடு தேடும் கோழி

வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் வாசகர்களுக்கு இது பழகிய காட்சியே. முட்டையிட வேண்டிய பெட்டை, காலை முதல் நிலைகொள்ளாமல் திரியும். விறகு அடுக்கின் இடுக்கு, வைக்கோற்போரின் ஓரம், மூலையில் கிடக்கும் பழைய கூடை என ஒவ்வோரிடமாக எட்டிப் பார்த்து, முனகிக்கொண்டே வெளியே வரும். மறுபடியும் உள்ளே போகும். நாம் ஆசையோடு வைத்த பெட்டியை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கொட்டகையில் முட்டையிட்டு வந்து கொக்கரித்தால், நமக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி, புதரடியில் சருகைச் சீய்த்து உண்டாக்கிய குழியில் முட்டையிடும் பறவை. மறைவும், மங்கிய ஒளியும், உடல் படிய ஒரு குழிவும் அதற்கு வேண்டும். வீட்டுக்கோழி இவற்றை மறக்கவில்லை.

இதை மனிதன் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறான். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பவர், வேளாண்மையைப் பற்றி இலத்தீனில் விரிவாக எழுதியவர். கோழிக்கூட்டில் சுத்தமான வைக்கோல் இட்டு அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்றும், காவலாள் கொக்கரிப்பைக் கேட்டதும் சென்று முட்டையை எடுக்க வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். இடியோசை முட்டையைக் கெடுத்துவிடும் என அஞ்சிப் பலர் கூட்டில் பூண்டும் இரும்பு ஆணியும் வைத்ததையும் குறிப்பிடுகிறார். இடியை ஆணியால் தடுக்க முடியாது என்பதைப் பௌதிகம் படித்தவர் அறிவர். மற்ற யோசனைகளில் இன்றும் திருத்த வேண்டியது அதிகமில்லை.

கூடு, விஞ்ஞானக் கருவியாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஒரோனோ என்னும் ஊரிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கோவெல் என்பவர் 1898-இல் ஒரு நீண்ட பரிசோதனையைத் தொடங்கினார். எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது என்று தெரிந்தால்தானே நல்ல கோழியைத் தேர்ந்தெடுக்க முடியும்? இதற்கு உதவியது பொறிக்கூடு. கோழி உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு விழுந்துவிடும். பணியாள் வந்து, காலிலுள்ள வளையத்தின் எண்ணைப் பார்த்து, அதை முட்டையின் மேல் எழுதிக்கொண்டு, கோழியை வெளியே விடுவார். நாள் முழுவதும் இதே வேலை! கூடு கோழிக்குப் பிடித்ததாக இல்லாவிட்டால் முட்டை தரையில் விழும். அது யாருடையது என்று தெரியாது. ஆகவே கோழியின் விருப்பத்தை மதிப்பது இங்கே கணக்குச் சரியாக வருவதற்கே தேவையாயிற்று.

முதல் ஆண்டில் 160 முட்டைக்குக் குறையாமல் இட்ட கோழிகளையே கோவெல் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார். சேவல்களோ 200 முட்டைக்கு மேல் இட்ட தாய்களின் பிள்ளைகள். ஆண்டுக்கு ஆண்டு சராசரி ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை. 1907-இல் அங்கு வந்த உயிரியல் அறிஞர் ரேமண்ட் பேர்ல் இந்தக் கணக்குகளை எல்லாம் ஆராய்ந்து அதை எடுத்துக்காட்டினார். ஒரு கோழி இட்ட முட்டைகளின் எண்ணிக்கையில் தீனி, பருவம், இடவசதி எல்லாம் கலந்திருக்கின்றன. அது மகளுக்கு எதைக் கொடுக்கும் என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. சேவலோ முட்டையே இடுவதில்லை. ஆனாலும் அதன் பங்கு மகளிடம் இருக்கிறது. எனவே தாயை அதன் மகள்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றார் பேர்ல். அவர் வகுத்த பரம்பரை விதி பிற்கால ஆய்வுகளில் அப்படியே நிலைக்கவில்லை என்றாலும், சந்ததியைக் கொண்டு சோதிக்கும் முறை நிலைத்தது. பொறிக்கூட்டின் அளவீடுகளில் பிழை இருந்ததாக எவரும் சொல்லவில்லை. அளந்த பொருள்தான் வேறு. ஆய்வுக்கூடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் மாணவருக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம்.

கோழி ஏன் கூட்டைத் தேடுகிறது என்பதற்கு விடை எடின்பரோவில் கிடைத்தது. முட்டை இறங்கும் நேரத்தின் நெருக்கடிதான் காரணம் என்று நாம் நினைப்போம். உட்-கஷ், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-களில் வேறொன்றைக் கண்டனர். சூலகத்திலிருந்து மஞ்சள் கரு விடுபட்டபின் அதைச் சூழ்ந்திருந்த வெறும் உறை அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த உறையை நீக்கினால், ஏறக்குறைய ஒரு நாள் கழித்து வர வேண்டிய கூடு தேடும் நடத்தை குலைந்துபோகிறது. சில கோழிகளில் மஞ்சள் கரு குழாய்க்குள் செல்லாமல் வயிற்றறையில் விழுந்துவிடும், முட்டையே வராது. அவையும் உரிய நேரத்தில் கூட்டுக்குப் போய் அமர்கின்றன! கூடு தேடும் கட்டளையை ஹார்மோன்கள் முந்தின நாளே பிறப்பித்துவிடுகின்றன எனலாம்.

இப்போது கம்பிக்கூண்டை நினைத்துப் பாருங்கள். நாமக்கல் பக்கம் போனால் வரிசை வரிசையாகக் காணலாம். தரை சரிவாக இருப்பதால் முட்டை தானே உருண்டு வெளியே வரும். மறைவு என்பதே கிடையாது. கட்டளை மட்டும் உள்ளேயிருந்து நாள்தோறும் வருகிறது. முட்டையிடுவதற்கு முன் கோழி இங்கும் அங்கும் ஓயாது நடக்கிறது. அது எவ்வளவு விரும்புகிறது என்பதை அளக்கவும் செய்தார்கள். கூட்டுக்குப் போகும் வழியில் தள்ளித் திறக்க வேண்டிய கதவை வைத்து, கோழி செய்யும் முயற்சியைக் கணக்கிட்டார்கள் கூப்பரும் ஆப்பிள்பியும். 2003-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முட்டையிடும் நேரம் நெருங்க நெருங்க முயற்சி கூடியது. நான்கு மணி நேரம் தீனியின்றி இருந்த கோழி தீனிக்காகச் செய்யும் முயற்சிக்கு அது குறைந்ததாக இல்லை. மலிவான முட்டை ஏழைக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையில் இந்தக் கணக்கு சேர்க்கப்படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் பிறப்பித்த விதி, கூடில்லாத கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. கூண்டின்றி வளர்க்கும் பண்ணைகளில் ஏழு கோழிக்கு ஒரு கூடாவது வேண்டும் என்றும் அது கூறுகிறது.

உங்கள் வீட்டுக் கோழிக்குச் சட்டம் தேவையில்லை. ஓரளவு இருட்டான மூலை, புது வைக்கோல், உள்ளே ஒரு போலி முட்டையோ சுண்ணாம்பு உருண்டையோ போதும். விடலைக்கோழி முதல் முட்டை இடுவதற்குச் சில வாரம் முன்பே வைத்துவிடுங்கள். முதலில் இட்ட இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும் பழக்கம் அதற்கு உண்டு. அடுத்த வீட்டுக் கொட்டகையை அது தேர்ந்துகொண்டபின் மாற்றுவது கடினம்.