டின்பாலும் நம் வீட்டுத் திரட்டுப்பாலும்

பாயசம், கேக், ஐஸ்கிரீம் என்று எதைச் செய்யக் கேட்டாலும் இன்றைக்கு "ஒரு டின் மில்க்மெய்ட் வாங்கி ஊத்துங்க" என்றுதான் சொல்கிறார்கள். கீழ்பென்னாத்தூர் கடைகளிலும் அந்த டின் கிடைக்கிறது. அதே கடைத்தெரு வழியாகத்தான் காலையிலும் மாலையிலும் நம் மாட்டுப் பால் கேனில் ஏறிப் போகிறது. பாலாய்ப் போவது நம்மிடமிருந்து. டின்னாய்த் திரும்பி வருவதும் நம்மிடமே. நடுவில் என்ன நடக்கிறது? தண்ணீரை எடுக்கிறார்கள், சர்க்கரையைச் சேர்க்கிறார்கள், மூடுகிறார்கள். இந்த மூன்று வேலைக்குள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு குழு உறுப்பினரும் அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டின்னுக்கு முந்திய காலம்

பாலைச் சுண்டக் காய்ச்சுவது நமக்கு யாரும் வந்து சொல்லிக் கொடுத்ததல்ல. ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் மிஞ்சிய பாலை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் நான்கு பதில்கள் இருந்தன. உறை ஊற்றித் தயிராக்கலாம், கடைந்து மோரும் வெண்ணெயும் எடுக்கலாம், உருக்கி நெய்யாக்கலாம். நான்காவது, அடி கனமான பாத்திரத்தில் கிண்டிக் கிண்டித் திரட்டுப்பால் ஆக்குவது. மாடு கன்று போட்டால் சீம்பாலில் வெல்லம் போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோமே தவிர, அதற்கு விலை வைத்தது கிடையாது. பெருமாள் கோயில்களில் செய்யும் அக்காரவடிசிலும் பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துச் சுண்டச் செய்வதுதான்.

இந்தக் கைவேலையை ஊர்த் தொழிலாகவே வளர்த்துக் காட்டியது விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர். பசும்பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டுக் கிண்டிய பால்கோவா அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா செய்து விற்கிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலை அப்படியே விற்றால் ஒரு விலை, சுண்டி விற்றால் ஒரு விலை என்பதற்கு நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் சாட்சி அது.

கப்பலும் போரும்

டின்பால் பிறந்தது வேறு தேவையில். கெயில் போர்டன் என்ற அமெரிக்கர் 1851இல் லண்டன் கண்காட்சிக்குப் போய்க் கப்பலில் திரும்பினார். கப்பலில் இருந்த மாடுகள் நோய்ப்பட்டு, நல்ல பாலில்லாமல் குழந்தைகள் இறந்ததைப் பார்த்து மனம் கலங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கெடாத பாலைச் செய்ய வேண்டும் என்று இறங்கினார். திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் அடிபிடித்தது, நிறம் மாறியது, தீய்ந்த வாடை வந்தது. நமக்குத் தெரிந்த அதே தொல்லைதான்.

சர்க்கரைப் பாகு காய்ச்சுவதற்கு ஏற்கெனவே இருந்த வெற்றிடக் கொப்பரைதான் அவருக்குக் கைகொடுத்தது. மூடிய கொப்பரையில் இருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், உள்ளே இருப்பது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊட்டி போன்ற உயரமான இடத்தில் தண்ணீர் 100 டிகிரி வரும் முன்பே கொதித்துவிடுகிறதே, அதே கணக்கு. வெற்றிடத்தில் 50, 60 டிகிரிச் சூட்டிலேயே பாலின் தண்ணீர் ஆவியாகிப் போகும். பால் தீயாது, சிவக்காது. 1856இல் போர்டனுக்குக் காப்புரிமை கிடைத்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் படைவீரர்களுக்கு அனுப்ப ராணுவம் டின்பாலை வாங்கிக் குவித்தது. அவர் தொழில் நிலைத்தது.

கெடாமல் காப்பது டின் மட்டும் அல்ல, சர்க்கரையும்தான். டின்பாலில் ஏறக்குறைய 100க்கு 40 முதல் 45 பங்கு சேர்த்த சர்க்கரை. அவ்வளவு இனிப்பில் கிருமிக்கு வளரத் தேவையான தண்ணீர் கிடைக்காது. நம் ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை அங்கே சர்க்கரை செய்கிறது.

1866இல் பேஜ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் ஆங்கிலோ சுவிஸ் என்ற டின்பால் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. 1912 முதல் அந்தக் கம்பெனி இந்தியாவில் டின்பாலை இறக்குமதி செய்து விற்றது. கறவை மாடு குறைவாகவும் வெயில் அதிகமாகவும் உள்ள ஊர்களில் டின்பால் வேகமாக வேர்பிடித்தது. இலங்கையிலும் மலேசியாவிலும் உறவுக்காரர்கள் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், டீ என்றாலே அங்கே டின்பால் டீதான் பலருக்கு நினைவு வரும். மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைகளில் உயர்த்தி ஆற்றித் தரும் 'தே தாரிக்' டின்பாலில்தான் நுரை பொங்குகிறது.

தாய்மார்கள் மறக்கக் கூடாத பக்கம்

இந்த வரலாற்றில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. குழந்தைகளைக் காப்பாற்ற என்று தொடங்கிய பொருளே பல நாடுகளில் குழந்தைகளுக்கு எமனானது. தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்று விளம்பரம் வந்தது. டின்பாலில் சர்க்கரை மிக அதிகம். கைக்குழந்தைக்குத் தேவையான பல சத்துகள் அதில் போதாது. விலை கட்டாமல் தண்ணீரை அதிகம் கலந்தார்கள், அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக் குறைவிலும் வாடினார்கள்.

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. பெரிய மனிதர்கள் கூடிய சபையில் ஒரு பெண் எழுந்து, தவறான விளம்பரத்தால் குழந்தைகள் சாவது கொலைக்குச் சமம் என்று சொன்ன துணிச்சல் அது. பின்னால் உலகம் முழுக்க இந்தக் குரல் வலுத்தது. இந்தியாவில் 1992இல் குழந்தைப் பால் மாற்றுப் பொருட்களுக்கான சட்டம் வந்து, தாய்ப்பாலுக்கு மாற்று என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்தது. கடையில் வாங்கியதோ வீட்டில் செய்ததோ, இனிப்புச் சுண்டிய பால் கைக்குழந்தைக்கு ஆகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். இதை நம் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

"உங்களால் முடியாது"

அடுத்த பக்கம் நமக்குத் தெம்பு தருவது. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்றது அதுதான். அதை வளர்த்த வர்கீஸ் குரியன் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர்.

1956 வாக்கில் குரியன் சுவிட்சர்லாந்தில் நெஸ்லே அலுவலகத்துக்குப் போனார். டின்பால் தயாரிப்பில் இந்தியர்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று கேட்டபோது, டின்பால் செய்வது நுட்பமான வேலை, அதை உள்ளூர்க்காரர்களிடம் விட முடியாது என்ற பொருளில் பதில் வந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கோபத்தோடு எழுந்து வந்தவர், கோபத்தை வேலையாக மாற்றினார். 1958இல் ஆனந்த் ஆலை விரிவாக்கப்பட்டு அங்கே இனிப்பு டின்பால் தயாரானது. ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த சிறு விவசாயிகளின் பாலில்! நெஸ்லேயும் 1961இல் பஞ்சாபின் மோகாவில் ஆலை திறந்து இந்தியப் பாலையே வாங்கத் தொடங்கியது.

இந்த இரண்டு வரிச் சம்பவத்தைப் படிக்கும்போது நமக்குப் பழக்கமான குரல் ஒன்று கேட்கிறதல்லவா? "பொம்பளைங்க சேர்ந்து என்னத்தைப் பண்ணிடப் போறீங்க?" அந்தக் குரலேதான். ஆள் மாறும், ஊர் மாறும், கேள்வி மாறாது. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கையால் செய்து காட்டுவதுதான் பதில்.

நம் பக்கத்துக் கதை

1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது, முதற்கட்டத்தில் பால் போய்ச் சேர வேண்டிய நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. 1981இல் தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் அமைந்தது. ஆவின் பாலை நாம் அறிந்தது இந்த வழியில்தான். கிராமத்துக்கு ஒரு சங்கம், பாலின் தரம் பார்த்துப் பணம் என்ற முறை வந்தது. ஏரியும் கிணறும் மழையை நம்பியிருக்கும் நம் பகுதியில், மணிலாவும் நெல்லும் கைவிட்ட வருஷத்திலும் வீட்டை ஓட்டியது மாட்டுமடிதான். "பயிரு பொய்க்கும், மாடு பொய்க்காது" என்று பெரியவங்க சொல்லுவாங்க.

மகளிர் குழுக்களின் கதையும் கிட்டத்தட்ட அதே காலத்தில் தொடங்கியது. 1989இல், நம் திருவண்ணாமலை மாவட்டம் பிறந்த அதே ஆண்டில், பக்கத்துத் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் முதல் சுய உதவிக் குழுக்கள் அமைந்தன. 1992இல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைத்தது. 1997இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. குழுக் கடனில் நம் பெண்கள் முதலில் வாங்கியது என்ன என்று கணக்கு எடுத்தால் கறவை மாடு முன்வரிசையில் நிற்கும்.

ஆனால் மாடு வாங்கினோம், பால் கறந்தோம், ஊற்றினோம் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டோம். பாலுக்கு விலை சொல்வது வேறு ஆள். வண்டி வராத நாளில், ஊரடங்கில் டீக்கடை மூடிய 2020 போன்ற காலத்தில், கையில் பாலை வைத்துக்கொண்டு திகைத்தவர்கள் உண்டு. பால் காத்திருக்காது. சுண்டிய பால் கொஞ்சம் காத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் விலை பேசும் பலம்.

அடுப்பில் நடப்பது

1 லிட்டர் பசும்பாலுக்கு 200 கிராம் சர்க்கரை போதும். பாலில் உள்ள திடப்பொருள் சுமார் 125 கிராம். தண்ணீர் போகப் போக, ஏறக்குறைய 440 கிராம் சுண்டிய பால் கிடைக்கும். கடையில் விற்கும் ஒரு டின்னுக்குக் கொஞ்சம் அதிகம். எருமைப் பால் இன்னும் கெட்டி, சீக்கிரம் சுண்டும்.

கறந்த சூட்டோடு வந்த புதுப்பாலாக இருக்கணும். புளிப்பு ஏறிய பால் சுண்டும்போது திரிந்துவிடும். அடி கனமான, வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். வாய் அகன்றால் ஆவி சீக்கிரம் போகும். முதலில் பாலைக் கொதிக்க விட்டு, பிறகு தணலைக் குறைத்து, அடியும் ஓரமும் வழித்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டும் ஆடையை உள்ளே தள்ளுங்கள். பால் பாதியானதும் சர்க்கரை. வெல்லம் போடுவதானால் பால் நன்றாகச் சுண்டிய பிறகே போடணும், வெல்லத்தின் புளிப்பு பாலைத் திரித்துவிடும். கரண்டியின் முதுகில் பூசினாற்போல் நின்றால் இறக்கிவிடலாம். "இன்னும் கொஞ்சம்" என்று ஆசைப்பட்டால் ஆறியதும் பால்கோவா ஆகிவிடும். அதுவும் நஷ்டமில்லை!

ஆலையில் வருவதுபோல் வெள்ளையாக வராது. திறந்த அடுப்பின் சூட்டில் பாலும் சர்க்கரையும் சேர்ந்து லேசாகச் சிவக்கும். குறையென்று நினைக்க வேண்டாம், அந்த வாசனைக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் போகிறார்கள். ஆறிய பின் நாக்கில் நறநறவென்று பட்டால் பாலில் உள்ள சர்க்கரை மணிமணியாகப் படிந்துவிட்டது என்று பொருள். ஆலையில் அதைத் தவிர்க்க மிக நுண்ணிய பால் சர்க்கரைப் பொடியைத் தூவிக் கிளறி ஆற்றுவார்கள். வீட்டில் கிளறிக்கொண்டே சீக்கிரம் ஆற்றினால் ஓரளவு குறையும்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆலை டின் மாதக்கணக்கில் இருக்கும், நம்முடையது இருக்காது. கொதிநீரில் கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றி, பிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வீட்டிலேயே டின்னில் அடைத்து மூடும் ஆசை வேண்டாம். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, தயாரித்த தேதியும் முடியும் தேதியும் ஒட்டி விற்க வேண்டும். விலை போடும்போது பால், சர்க்கரையோடு விறகு அல்லது கேஸ், பாட்டில், கிண்டிய ஒரு மணி நேரத்துக்கு மேலான உழைப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். நம்ம கணக்கில் எப்போதும் விட்டுப்போவது கடைசியில் சொன்னதுதான்.

ஒருத்தியாகக் கிண்டினால் கை வலிக்கும். பத்துப் பேர் பால் சேர்த்து, ஒரே இடத்தில், முறை வைத்துக் கிண்டினால் அது தொழில். ஆனந்தில் நடந்ததும் அதுதான், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடப்பதும் அதுதான். கோடிக்கணக்கில் ஆலை கட்ட நம்மால் ஆகாது. தீபத்துக்குத் திருவண்ணாமலை வரும் கூட்டத்தில் நூறு பாட்டில் விற்க நம்மால் ஆகும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் இதை ஒரு பொருளாக எழுதி, எந்தக் குழு முதல் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது என்று பேசி முடிவு செய்வோம்.