புயலின்றி வந்த வெள்ளம்

1987-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10 முதல் 12 வரை, மாலத்தீவின் தலைநகராகிய மாலேயில் கடல் கரையேறிற்று. அந்நாட்களில் நகரைப் புயல் எதுவும் தாக்கவில்லை. நில நடுக்கமும் நேரவில்லை. ஆயினும் தெற்கேயிருந்து அலைமேல் அலையாக வந்து தெருக்களில் உப்புநீரைப் பாய்ச்சின. புதிதாகத் தூர்த்துச் சேர்த்த நிலத்தைப் பெருமளவு அரித்துச் சென்றன. அருகிலுள்ள ஹுலுலே தீவின் விமான நிலையமும் சேதமுற்றது.

இவ்வலைகளை எழுப்பிய புயல், ஆஸ்திரேலியாவுக்குத் தென்மேற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசியது. காற்று ஓய்ந்தாலும் அது எழுப்பிய அலை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. சிற்றலைகள் விரைவில் மடிந்துவிடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 15 விநாடிகளுக்கு மேல் இடைவெளியுள்ள நீண்ட அலைகளோ, வலிமை அதிகம் குன்றாமல் சமுத்திரத்தையே கடந்துவிடும். 1963-இல் வால்டர் மங்க் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகளை அலாஸ்கா வரை பின்தொடர்ந்து அளந்து இதனை மெய்ப்பித்தனர். ஆழ்கடலில் இவ்வலைகளைக் கப்பலில் இருப்போர் பொருட்படுத்தவும் மாட்டார்கள். கரையருகே ஆழம் குறையும்போதுதான் இவை நிமிர்ந்து எழுகின்றன.

பவளத் தீவுக்கு இயற்கை அளித்த அரண், அதைச் சூழ்ந்துள்ள பவளத்திட்டு. அலைகள் அதில் மோதி உடைந்து, சோர்ந்தபின்தான் கரையை அடையும். மாலேயோ மிகச் சிறிய தீவு. மக்கள் பெருகினர்; இடம் போதவில்லை. ஆகவே தெற்குப் பக்கத்துப் பவளத்திட்டைத் தூர்த்து நகரை விரித்தனர். அலை உடைய வேண்டிய இடத்தின் விளிம்பிற்கே நகரம் சென்றுவிட்டது. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை; அச்சிறு தீவில் வேறு நிலம் ஏது?

அவ்வாண்டு அக்டோபர் 19-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் ஜனாதிபதி மௌமூன் அப்துல் கயூம் தம் நாட்டின் அபாயத்தை எடுத்துரைத்தார். அது முதல் இவ்வெள்ளம், கடல்மட்டம் உயர்வதற்குச் சான்றாகவே உலகில் பேசப்பட்டு வந்தது. நம் கருத்தில் அது அத்துணைப் பொருத்தமான சான்றன்று. தொலைப் புயலும் தூர்த்த திட்டுமே இவ்வெள்ளத்திற்குப் போதுமான காரணங்கள். ஆனால் அவர் அச்சம் பிழையன்று. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர்கூட உயராத நாட்டில், கடல் சற்றே உயர்ந்தாலும், இதனினும் சிறிய அலை இதே தீங்கைச் செய்துவிடும்.

பின்னர் ஜப்பானிய அரசாங்கத்தின் உதவியால் மாலேயைச் சுற்றி அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 2002-இல் பணி நிறைவுற்றது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நகரம் பேரழிவுக்குத் தப்பியதில் அச்சுவர்களுக்குப் பங்குண்டு. ஏனைய தீவுகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. 2007 மே மாதத்தில், ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு அப்பால் எழுந்த புயலின் அலைகள் அவற்றுட் பலவற்றில் புகுந்து வீடுகளைச் சேதப்படுத்தின.

இதே தென்கடல் அலைகள் நம் நாட்டையும் எட்டுகின்றன. கேரளத்தில் வாழும் நம்மவர் 'கள்ளக்கடல்' என்ற சொல்லைக் கேட்டிருப்பர். கள்வனைப்போல் முன்னறிவிப்பின்றி வரும் கடலுக்கு அங்குள்ள மீனவர் இட்ட பெயர் அது. 2012-இல் யுனெஸ்கோவும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், 2020 முதல் இவ்வலைகளைக் கணித்து அறிவிக்கிறது. தெற்கே புயல் எழுந்தால், அலை வந்து சேருமுன்பே படகுகளைக் கரையில் மேடேற்றிக் கட்டும்படி கேரளத்திற்கும் கன்னியாகுமரிக்கும் எச்சரிக்கை போகிறது.