கற்பிட்டி மணலும் கிணற்று நீரும்

கற்பிட்டியின் சரித்திரம் பேசுவோர் பெரும்பாலும் ஒல்லாந்தர் கோட்டையோடு நின்றுவிடுகின்றனர். கோட்டைக்கு வெளியே, மணலுக்கடியில் உள்ள நன்னீருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. இடையில் உவர்நீரின் மேல் மழைநீர் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் தலைமுறைகளாக உதவியது அந்த நீரே.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கைப்பலமே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீர்ப்பம்பி அந்த எல்லையை நீக்கிற்று. நுரைச்சோலை, ஏத்தாலை, ஆலங்குடாப் பக்கங்களில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் போகத்துக்குப் போகம் பெருகின. மணலோ பசளையைப் பிடித்துவைப்பதில்லை. யூரியாவின் நைதரசன் நைத்திரேற்றாகி, இறைத்த நீரோடு மீண்டும் கிணற்றுக்கே இறங்கியது. தோட்டக் கிணறுகளில் அதன் அளவு குடிநீர் வரம்பை மீறியிருந்ததை 1980களின் ஆய்வுகளே காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம்.

ஆயினும் விவசாயியை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அவர்களிற் பலருக்கு இத்தோட்டங்களின் கூலியே அடுப்பெரித்தது.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அதைக் கைவிட்டது. மாற்றுப் பசளையும் பயிற்சியும் தராமல் போட்ட கட்டளை விவசாயியைக் கடனாளியாக்கியதேயன்றி மண்ணைத் திருத்தவில்லை. சேதனப் பசளை என்ற பெயரும் போதாது. கோழியெருவை அளவுமீறிக் கொட்டினால் அதுவும் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்கே இறங்கும். மட்கிய எருவாலும் தென்னந்தும்புத் தூளாலும் மணலின் பிடிப்பைக் கூட்டுதல், பசளையைச் சிறுகச் சிறுகப் பிரித்திடல், சொட்டுநீர் பாய்ச்சுதல், இடையில் பயறு விதைத்தல் ஆகியவையே வழி. இதற்குச் சில ஆண்டுகளாவது பிடிக்கும்.

12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது 'கிதாபுல் பிலாஹா'வில் மண்ணையும் எருவையும் நீரையும் ஆராய்ந்த பின்னரே பயிர்களுக்கு வருகிறார். நாமும் அந்த ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் எண்ணம். பறவை உண்ணும் கனியும் நட்டவருக்கு ஸதகா என்று அறிந்த சமூகம் நாம். ஒவ்வொரு போகத்தின் பின்னும் ஊர்க் கிணறுகளைப் பரிசோதிப்பித்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம். எந்தக் கிணற்று நீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பதைத் தாய்மார் முதலில் அறியட்டும்.