மெர்லோ என்று ஒரு பேர்

போர்தோவிலிருந்து வரும் ஒயின் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். தோட்டத்தின் பேர், ஊர், வருஷம் எல்லாம் இருக்கும். என்ன திராட்சை என்பது பெரும்பாலும் இருக்காது. ஊரைச் சொன்னால் போதும், அங்கே எந்த ரகத்துக்கு அனுமதி என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு. அமெரிக்கா, சிலி போன்ற நாடுகளில் ரகத்தின் பேர்தான் பெரிய எழுத்தில் வரும். அப்படிப் போட அமெரிக்காவில் குறைந்தது 75 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதம் அதே திராட்சை இருக்க வேண்டும்.

நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் தோட்டத்தில் நிற்பது எந்தக் கொடி என்றே தெரியாவிட்டால்?

சிலியில் அதுதான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கிருந்த நிலக்கிழார்கள் போர்தோவிலிருந்து கொடிக்குச்சிகளை வரவழைத்து நட்டார்கள். அதில் மெர்லோவும் இருந்தது, கார்மெனெரும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடுத்த சில பத்தாண்டுகளில் வேரைத் தின்னும் ஃபைலோக்செரா பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. மறுபடி நட்டபோது, பூ உதிர்ந்து காய் பிடிக்காமல் போகும் கார்மெனெரை யாரும் சீண்டவில்லை. அங்கே அது ஏறக்குறைய காணாமலே போனது. சிலியை அந்தப் பூச்சி எட்டவில்லை. கார்மெனெர் அங்கே பிழைத்துக்கொண்டது, மெர்லோ என்ற பேரில்.

பேர் தப்பானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு மாறிக்குத் தப்பான பேர் வைத்தாலும் நிரல் ஓடும். அந்தப் பேரை நம்பி அடுத்த ஆள் எழுதும் வரிதான் சொதப்பும். கார்மெனெர் மெர்லோவைவிடச் சில வாரங்கள் தாமதமாகப் பழுக்கும். எல்லாம் மெர்லோ என்று நினைத்துச் சேர்த்தே பறித்தார்கள். ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை வந்தது. சிலி மெர்லோ என்றால் இப்படித்தான் என்று குடிப்பவர்களும் பழகிவிட்டார்கள்.

1994 நவம்பர். அங்கே கொடி பூக்கும் காலம். திராட்சை ரகங்களை அடையாளம் காண்பதில் நிபுணரான ழான்-மிஷெல் பூர்சிகோ, மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் நிறுவனத்தின் தோட்டத்தில் பூக்களைப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனெர் என்றார். 1998இல் சிலி அரசு அதைத் தனி ரகமாக அங்கீகரித்தது.

லேபிள் சட்டம் சதவீதத்தை அளக்கும். கொடியை யாராவது குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலியில் அதே கொடிதான், அதே மண்தான். பேர் தெரிந்தபிறகு பழுக்கும்வரை காத்திருந்து பறித்தார்கள். குடைமிளகாய் வாசனை குறைந்தது.